முகத்தில் முள் முளைக்கும் அபூர்வ நோய்: கிட்னி மாற்றியவர்கள் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை



கிட்னி மாற்று அறுவை முடிந்து சில மாதங்களோ ஒரு வருடமோ ஆகியிருக்கும். புதிய கிட்னி நன்றாக வேலை செய்கிறது, டயாலிசிஸ் நின்றுவிட்டது, வீட்டில் நிம்மதி. அந்த நேரத்தில் மூக்கின் மேல் சிறு சிறு பருக்கள் தோன்றுகின்றன. வலி இல்லை. சிலருக்கு அரிப்பு மட்டும் இருக்கும். விரலால் தடவினால் சவரம் செய்த மறுநாள் தாடை போலச் சொரசொரக்கிறது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பருவின் நடுவிலும் வெள்ளையாக அல்லது மஞ்சளாக ஒரு மெல்லிய முள் நிற்கிறது. பிறகு புருவம், நெற்றி, காது மடல், தாடை என்று பரவுகிறது. புருவ முடியும் இமை முடியும் உதிர்கின்றன. முகத்தோல் தடித்து, ஆளின் முக அமைப்பே மாறிப் போகிறது.

இந்த நோய்க்கு மருத்துவ உலகம் வைத்த பெயர் ட்ரைக்கோடிஸ்பிளேசியா ஸ்பினுலோசா. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பிரித்துப் பார்த்தால் எளிது. 'ட்ரைக்கோ' என்றால் கிரேக்க மொழியில் முடி, 'டிஸ்பிளேசியா' என்றால் கோணலான வளர்ச்சி, 'ஸ்பினுலா' என்றால் லத்தீனில் சிறு முள். முடி வளர வேண்டிய இடத்தில் முள் வளர்கிறது என்பதே பொருள். இந்தக் கட்டுரையில் வசதிக்காக 'முள்தோல் நோய்' என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது உயிரைப் பறிக்கும் நோய் அல்ல. மிக மிக அரிதானது. உலகம் முழுவதிலும் மருத்துவ இதழ்களில் பதிவானவர்களைப் பத்துகளில்தான் எண்ண வேண்டும், ஆயிரங்களில் அல்ல. அப்படியானால் ஏன் இதற்கு ஒரு கட்டுரை? இந்த நோய் செய்யும் கெடுதலைவிட, இதைக் கண்டு பயந்து வீட்டார் செய்யும் காரியங்கள் பெரிய கெடுதலைச் செய்துவிடும் என்பதால்தான். மாத்திரையை நிறுத்திவிடுவது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் பூசுவது, 'குஷ்டம்' என்று முடிவு கட்டி ஆளை அறைக்குள் ஒதுக்குவது ஆகிய மூன்றும் நம் ஊர்களில் நடக்கக் கூடியவையே.

சங்ககிரி, திருச்செங்கோடு, பள்ளிபாளையம் வட்டாரத்தில் லாரியிலும் தறியிலும் பிழைக்கும் குடும்பங்கள் அதிகம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இங்கே எந்தத் தெருவையும் விட்டுவைக்கவில்லை. கிட்னி கெடுவதற்கு அந்த இரண்டும்தான் முக்கியக் காரணங்கள். முன்பெல்லாம் கிட்னி மாற்று என்றால் பணக்காரர்கள் சங்கதி. இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. 2008இல் தமிழக அரசு மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்துக்கு முறையான திட்டம் கொண்டு வந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த அறுவை சேர்ந்திருக்கிறது. ஆகவே மாற்று உறுப்போடு வாழ்பவர் இன்று நம் ஜமாஅத்திலும் இருக்கிறார், பக்கத்து வீட்டிலும் இருக்கிறார். (உறுப்பு மாற்று மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வி தனியானது. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளோடு கூடும் என்று தீர்மானித்தது. மாறுபட்ட கருத்துள்ள ஆலிம்களும் இருக்கிறார்கள். அந்த விவாதத்துக்கு இது இடமல்ல.)

இனி, இந்த நோய் ஏன் வருகிறது என்று பார்ப்போம்.

வேறொருவரின் உறுப்பை உடலில் வைத்தால் உடலின் காவல் படை அதை அந்நியன் என்று கண்டு தாக்கும். அந்தக் காவல் படையைத்தான் நோய் எதிர்ப்பு சக்தி என்கிறோம். அதை அடக்கி வைக்காமல் மாற்று உறுப்பு நிலைக்காது. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து 1980களில் புழக்கத்துக்கு வந்த பிறகே உறுப்பு மாற்று உலகெங்கும் நம்பிக்கையான சிகிச்சை ஆனது. அந்த மருந்து நார்வே நாட்டு மண்ணில் எடுத்த ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது. இப்போது பலருக்குக் கொடுக்கப்படும் டாக்ரோலிமஸ், ஜப்பானின் சுகுபா என்ற ஊர் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. படைத்தவன் மருந்தை எங்கெல்லாம் வைத்திருக்கிறான் பாருங்கள்!

காவலை அடக்கினால் அதற்கு ஒரு விலை உண்டு. நம் உடலில் நாம் அறியாமலேயே தங்கியிருக்கும் கிருமிகள் பல. சின்னம்மை போட்டு இறங்கிய பிறகும் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கி இருந்து, வயதான காலத்தில் அக்கியாக வெளிவருகிறது அல்லவா? அதுபோலத்தான். முள்தோல் நோயை உண்டாக்கும் வைரஸ் பாலியோமா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரைக் கேட்டு இளம்பிள்ளைவாதம் என்று பயந்துவிட வேண்டாம். போலியோவுக்கும் பாலியோமாவுக்கும் எந்த உறவும் இல்லை. ஒலி மட்டுமே ஒன்று. இந்தக் குடும்பத்தில் இன்னொரு வைரஸ் பி.கே. வைரஸ். 1971இல் லண்டனில், கிட்னி மாற்றிய சூடான் நாட்டவர் ஒருவரின் சிறுநீரில் கண்டுபிடித்தார்கள். அவர் பெயரின் முதல் எழுத்துகளே வைரஸுக்குப் பெயராகிவிட்டன. மாற்றிய கிட்னியைக் கெடுக்கக் கூடியது என்பதால் அதற்காக டாக்டர்கள் அவ்வப்போது இரத்தத்தைச் சோதிப்பார்கள்.

முள்தோல் நோயை முதலில் பதிவு செய்தவர்கள் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள். 1995இல் ஜெர்மன் மொழித் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். சைக்ளோஸ்போரின் மருந்தின் பக்கவிளைவு என்றே அப்போது எண்ணினார்கள். மருந்து சாப்பிடுபவருக்கு வருகிறது, ஆகவே மருந்தால் வருகிறது என்பது இயல்பான எண்ணம். 1999இல் அமெரிக்காவில், உறுப்பு மாற்று செய்திருந்த ஒருவரின் தோல் துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்களின் கருவுக்குள் அடுக்கடுக்காக வைரஸ் துகள்கள் தெரிந்தன. இன்றுள்ள பெயர் அப்போது வைத்ததுதான். ஆனாலும் அது எந்த வைரஸ் என்று தெரியவில்லை. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இருந்த குழு 2010இல் அதைப் பிடித்தது. இதய மாற்று செய்த 15 வயதுச் சிறுவன் ஒருவனின் முகத்திலிருந்து எடுத்த முட்களில் இருந்தே வைரஸின் மரபணுவைப் பெருக்கி, முழுதாக எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். மொத்தம் 5,232 எழுத்துகள். மனித உடலில் கண்ட எட்டாவது பாலியோமா வைரஸ் அது.

அதற்கு அடுத்த ஆய்வுகளில்தான் வியப்பான செய்தி வெளியானது. ஆரோக்கியமான பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்தால், 100 பேரில் ஏறத்தாழ 70 பேர் இந்த வைரஸை எப்போதோ சந்தித்ததற்கான அடையாளம் இருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதிலேயே, யாருக்கும் தெரியாமல், எந்தத் தொந்தரவும் தராமல் வந்துவிடுகிறது. இதை வாசிக்கும் உங்களுக்கும் எழுதும் எனக்கும் அநேகமாக அது வந்திருக்கும்.

ஆகவே 'ஒட்டிக்கொள்ளுமா ஹஜ்ரத்?' என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. நோயாளியோடு ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பதற்கும், முஸாஃபஹா செய்வதற்கும், ஒரே சஹனில் சாப்பிடுவதற்கும் ஆரோக்கியமானவர் அஞ்ச வேண்டியதில்லை. நியாயமாகப் பார்த்தால் அஞ்ச வேண்டியவர் அவர்தான். நம்மிடமிருக்கும் சளியும் காய்ச்சலும் அம்மையும் அவருக்குப் போனால் ஆபத்து. உடம்பு சரியில்லாதவர் அவரைப் பார்க்கப் போகாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் உபகாரம். அந்த வீட்டில் மாற்று உறுப்போடு இன்னொருவரும் இருந்தால், அல்லது புற்றுநோய் சிகிச்சையில் ஒரு பிள்ளை இருந்தால், அதை மட்டும் டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முள் எப்படி உருவாகிறது? ஒவ்வொரு முடியும் தோலுக்குள் ஒரு சிறு உறைக்குள் வளர்கிறது. அந்த உறையின் உள் அடுக்கு, முடிக்கு வார்ப்பு அச்சு மாதிரி. வைரஸ் குடியேறுவது அந்த உள் அடுக்கின் செல்களில். எதிர்ப்பு சக்தி அடங்கிக் கிடக்கும்போது அந்தச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அச்சு வீங்கி அடைத்துக்கொண்டால் முடி எப்படி வரும்? முடிக்குப் பதிலாக இறுகிப்போன புரதம் கூராக வெளியே தள்ளப்படுகிறது. புருவம் உதிர்வதும் முள் வருவதும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். இது புற்றுநோயாக மாறுவதாக இதுவரை காணப்படவில்லை.

கிட்னி, இதயம், நுரையீரல் மாற்றியவர்கள் தவிர, இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கும், லூபஸ் போன்ற நோய்களுக்காக எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இது வந்திருக்கிறது. இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதல்: மருந்துக் காலம் முடிந்து எதிர்ப்பு சக்தி திரும்பியதும் முகம் தானாகவே தெளிந்துவிடுவது உண்டு.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புருவம் உதிர்ந்து, முகம் தடித்து, காது மடலில் பருக்கள் வந்தால் நம் ஊரில் பெரியவர்கள் வாயில் முதலில் வரும் சொல் 'குஷ்டம்'. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தொழுநோயின் ஒரு வகையில் இதே போலப் புருவம் உதிரும், இதே போல முகம் சிங்க முகம் மாதிரித் தடிக்கும். அந்த அச்சம் தலைமுறைகளாக வந்தது.

கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இரண்டும் வேறு. தொழுநோய் பாக்டீரியாவால் வருவது. அதில் உணர்ச்சியற்ற படைகள் இருக்கும், நரம்புகள் தடித்திருக்கும். முள்தோல் நோயில் உணர்ச்சி போவதில்லை. தொட்டால் கையில் முள் தட்டுப்படும். இரண்டாவது, ஒருவேளை தொழுநோயாகவே இருந்தாலும் அது மருந்தால் முழுவதும் குணமாகும் நோய். கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து தொடங்கியதும் சீக்கிரமே அது பிறருக்குப் பரவும் தன்மையை இழந்துவிடுகிறது. வேலூர் பக்கம் காரிகிரியில் தொழுநோய்க்கென்றே பேர்பெற்ற மருத்துவமனை இருந்த மாநிலம் இது. நாம் இன்னும் அந்தப் பழைய பயத்தோடு இருப்பதற்குக் காரணமே இல்லை.

இந்த ஒதுக்கலின் கதையை லாரி ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள், இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. அதன்பின் நாமக்கல் நீண்ட காலம் பரவல் அதிகமான மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களின் தோலில் என்னவெல்லாம் வரும் என்பதை, படர்ந்த அக்கியும் முகத்தில் பெரிய பாலுண்ணிகளுமாக, இந்த வட்டாரத்து டாக்டர்கள் அப்போதுதான் அதிகம் பார்த்தார்கள். தோலில் ஏதாவது வந்தாலே 'அந்த நோய்' என்று பேச்சு கிளம்பிய காலம் அது. அந்தப் பேச்சுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்தவர்கள் உண்டு. 2004 ஏப்ரலில் அரசு இலவச மருந்து தரத் தொடங்கிய பிறகும் பேச்சு அடங்க வருடங்கள் ஆயின. கிட்னி மாற்றியவரின் முகம் மாறும்போது அதே பேச்சு மறுபடி கிளம்ப இடம் தரக் கூடாது.

வீட்டில் செய்யக் கூடாதவை என்று நான் வலியுறுத்திச் சொல்வது சில.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. 'மருந்தால்தான் இது வருகிறது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அத்தா மாத்திரையை ஒதுக்கி வைத்துவிட்டார் என்றால், முகம் தெளிவதற்கு முன்பே கிட்னி போய்விடும். இந்த நோய்க்குச் சிகிச்சையில் மருந்தின் அளவைக் குறைப்பது ஒரு வழிதான். அதை இரத்தத்தில் மருந்தின் அளவையும் கிரியாட்டினினையும் பார்த்துப் பார்த்து, கிட்னி டாக்டர் மட்டுமே செய்ய வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தோல் களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஏற்கெனவே காவல் குறைந்த இடத்தில் மிச்சக் காவலையும் அது எடுத்துவிடும். முள்ளை நகத்தால் பிடுங்குவதும், பீர்க்கங்கூடு வைத்துத் தேய்ப்பதும் புண்ணாக்கிச் சீழ் வைக்கும்.

கருஞ்சீரக எண்ணெய், கஷாயம், லேகியம், சூரணம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பை மறுப்பவன் அல்ல நான். ஆனால் மாற்று உறுப்புள்ளவரின் இரத்தத்தில் மருந்தின் அளவு கத்தி முனையில் நிற்கிறது. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. பம்பளிமாஸ் பழம்கூட அந்த அளவை ஏற்றிவிடும் என்பதால் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஓதிப் பார்ப்பதற்கும் துஆ செய்வதற்கும் தடை ஏதும் இல்லை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழிதான். கண்ணேறு என்று சொல்லி ஆறு மாதம் தாயத்தோடு காத்திருப்பதுதான் தவறு.

ரமளான் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இந்த மாத்திரைகளில் பல 12 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியவை. நம் பகுதியில் நோன்பின் நேரம் சுமார் 13 மணி. ஸஹரிலும் நோன்பு திறக்கும்போதும் எடுத்துக்கொள்கிறேன் என்று நோயாளி தானாக முடிவு செய்யக் கூடாது. தண்ணீர் குறைவதும் மாற்றுக் கிட்னிக்கு நல்லதல்ல. டாக்டர் வேண்டாம் என்றால் நோன்பை விடுவது அல்லாஹ் நோயாளிக்குத் தந்த சலுகை. பிறகு களாச் செய்ய முடியுமானால் களா. இனி ஒருபோதும் முடியாது என்ற நிலையில் ஃபித்யா. சலுகையை ஏற்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒளுவில் முகம் கழுவுவதற்கு இந்த நோயால் தடை இல்லை. சாதாரணத் தண்ணீர் முட்களுக்குத் தீங்கு செய்யாது. அழுத்தித் தேய்க்காமல் நீரை ஓடவிட்டால் போதும். பயாப்ஸிக்காகத் தோல் துணுக்கு எடுத்து, அந்த இடம் நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் அந்த நாட்களுக்கு மஸஹ், தயம்மும் ஆகிய சலுகைகள் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் உண்டு. செய்முறையில் இரண்டுக்கும் வேறுபாடு இருப்பதால் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயை உறுதி செய்வது கடினமல்ல, சந்தேகம் வருவதுதான் கடினம். அரிதான நோய் என்பதால் பல தோல் டாக்டர்கள் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். முகப்பரு, மரு என்று முதலில் நினைப்பது இயல்பு. அந்தச் சிகிச்சைக்கு அடங்கவில்லை என்றால் பயாப்ஸி செய்யச் சொல்லுங்கள். நுண்ணோக்கியில் முடி உறைகள் விரிந்து, உள் அடுக்குச் செல்களில் சிவந்த பெரிய துணுக்குகள் தெரியும். வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை உறுதி தரும்.

சிகிச்சையில் மருந்தின் அளவை மாற்றுவதோடு, சிடோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் களிம்பாகப் பூசுகிறார்கள். லைடன் சிறுவனுக்கு அதில்தான் முகம் தெளிந்தது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் களிம்பு அல்ல அது. ஊசி மருந்திலிருந்து தயாரிக்க வேண்டும், செலவும் கூடும். உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு வேறொரு வைரஸுக்காக வழக்கமாகத் தரும் வால்கான்சிக்ளோவிர் மாத்திரையும் பலருக்குப் பலன் தந்திருக்கிறது. ஆனால் வெள்ளை அணுக்களைக் குறைக்கும் என்பதால் இரத்தச் சோதனை தொடர வேண்டும். முகம் தெளிய வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகலாம். பெரும்பாலும் புருவம் திரும்ப முளைக்கிறது.

சேலத்துக்கோ கோவைக்கோ வேலூருக்கோ போகும்போது மூன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்: அறுவைக்கு முன் எடுத்த முகம் தெளிவாகத் தெரியும் ஒரு போட்டோ, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், கடைசியாகப் பார்த்த இரத்தச் சோதனை அறிக்கை. தோல் டாக்டர் எழுதும் எந்தப் புது மருந்தையும் கிட்னி டாக்டரிடம் போனிலாவது கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.